கான்ட்ராக்டருக்கு எது, நம் ஆளுக்கு எது? – கேள்வி பதில்

தஞ்சாவூரில் 1,200 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம் சார். மெட்டீரியலோடு மொத்தமாக விடலாமா, சாமான் நாங்களே வாங்கிக் கொடுத்து கூலிக்கு மட்டும் பேசுகிற லேபர் கான்ட்ராக்ட் போதுமா?

தினமும் ஒரு வேளையாவது சைட்டில் நிற்க முடியுமா? முடியாதென்றால் மொத்தமாக விட்டுவிடுங்கள். கொஞ்சம் நேரம் இருக்கிறதென்றால் நடுவழி ஒன்று உண்டு. மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறைந்துபோகிற வேலை முழுக்க ஒரே கையில் இருக்கட்டும்: அஸ்திவாரம், பில்லர், கட்டு வேலை, ரூஃப், பூச்சு. கதவு, பெயிண்ட், கிச்சன் அலமாரி, கேட் எல்லாம் நீங்களே ஆள் பிடிக்கலாம். சரியில்லை என்றால் கழற்றி மாற்றிவிடலாம். பீமைக் கழற்ற முடியாதே!

எலக்ட்ரீஷியன் எங்க மாமா பையன்தான் அண்ணா. தனியாக வைத்துக்கொள்கிறேன் என்றால் கான்ட்ராக்டர் முகத்தைத் திருப்புகிறார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது தம்பி. ரூஃபுக்குக் கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடுவதற்குள் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்தாக வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் ஒரே நாள். நான் பார்த்த ஒரு சைட்டில் மறுநாள் காலை ஏழு மணிக்கு மிக்சர் மெஷின் வரவேண்டும். வீட்டுக்காரர் பிடித்த எலக்ட்ரீஷியன் கல்யாண வீட்டில் இருந்தார். ராத்திரி வந்து செல்போன் வெளிச்சத்தில் பைப் போட்டார். ஹாலுக்கு ஃபேன் பாக்ஸ் வைக்க மறந்துவிட்டார். கான்கிரீட்டைத் தாங்கிய பலகை, முட்டு எல்லாம் (செண்டிரிங்) பிரித்த பிறகு ரூஃபைக் கொத்தினால் நேரே கம்பியில் போய் முட்டியது.

உறவுக்காரர் என்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். ரூஃப் தேதியை எத்தனை நாள் முன்னால் சொல்வது, பைப்புக்காகச் சுவரில் காடி வெட்டுவது யார், அதை அடைத்து மேலே சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை) அடிப்பது யார், அதற்கு சிமெண்ட் யாருடையது? அரை மூட்டை சிமெண்டுக்காக வேலை இரண்டு நாள் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பாத்ரூம் சுவருக்கு வெளியே ஈரம். பிளம்பர் டைல்ஸ்காரரைக் கைகாட்டுகிறார், டைல்ஸ்காரர் பிளம்பரைக் கைகாட்டுகிறார்.

முதலில் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டேங்க் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் தண்ணீர் இறங்கியிருந்தால் சப்ளை பைப்பைச் சந்தேகப்படலாம். இறங்காமல், குளிக்கும்போது மட்டும் ஈரம் கூடினால் வடிகால் பைப் அல்லது தரை.

இனி கட்டுகிறவர்களுக்கு: பாத்ரூமைத் துண்டு போடாதீர்கள். பைப், வாட்டர்புரூஃபிங், டைல்ஸ் மூன்றுக்கும் ஒருவரே பொறுப்பு என்றால் நல்லது. அது முடியாதபோது, ஒருவர் முடித்து அடுத்தவர் கை வைப்பதற்குள் இருவர் முன்னாலும் சோதனை நடக்கட்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பைப்பில் பம்பு வைத்து பிரஷர் ஏற்றி, பிரஷர் மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வாட்டர்புரூஃபிங் காய்ந்ததும் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

லேபர் கான்ட்ராக்ட். கம்பி போதவில்லை என்று மேஸ்திரி மறுபடி மறுபடி கேட்கிறார்.

எடைச் சீட்டோடு எண்ணிக்கையையும் பாருங்கள். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு சுமார் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். எந்த அளவில் எத்தனை துண்டு வெட்டவேண்டும் என்ற பட்டியலை இன்ஜினியரிடம் வாங்கி மேஸ்திரி கையில் கொடுங்கள். வேஸ்ட் தானாகக் குறையும்.

க்யூரிங், அதாவது கான்கிரீட்டைத் தண்ணீரில் நனைத்து வைப்பது, யார் வேலை?

யாரும் எழுதி வைக்காத வேலை! லேபர் கான்ட்ராக்டில் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி (பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட்) என்றால் 10 நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசிதான். ரூஃபில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பில்லருக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போகிற பழக்கம் வேண்டாம்.

பெயிண்டரை மட்டும் நானே பிடிக்கலாமா சார்?

தாராளமாக. பூச்சு காயும்வரை அவரை வரச்சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.