அந்நியபாஷை பேசாதவர்களுக்குப் பரிசுத்த ஆவி இல்லையா?

அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தான் கற்காத மொழியில் பேசும் வரம், உங்களுக்கு இல்லை என்று சிலர் மட்டம் தட்டுவதால் இப்படிக் கேட்கிறீர்கள். அது இல்லாதவர்களுக்கு ஆவியே இல்லை என்று சொல்ல வேதத்தில் ஆதாரம் இல்லை என்பது என் கருத்து. ஆவியின் வரங்களைப் பற்றி அப்போஸ்தலர் பவுல் அதிகம் எழுதியது கொரிந்து சபைக்குத்தான். அங்கே இருந்த சிக்கலும் ஏறக்குறைய உங்களுடையதே: பாஷை பேசுகிறவர்கள் மேல், மற்றவர்கள் கீழ் என்ற எண்ணம். 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரக் கடைசியில், எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா என்று அவரே கேட்கிறார். 'இல்லை' என்ற பதிலைத்தான் அந்தக் கேள்வி எதிர்பார்க்கிறது.

அதே இடத்தில் அற்புதங்கள், குணமாக்கும் வரங்களுக்குப் பக்கத்திலேயே உதவி செய்வதையும் நிர்வாகத்தையும் வைக்கிறார். ரோமர் 12-இல் தானம் கொடுப்பதும் இரக்கம் காட்டுவதும்கூட வரங்கள்தான். ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குகிறவரை மேடையில் யாரும் கூப்பிடுவதில்லை, அது வேறு கதை.

சரி, பெந்தெகொஸ்தே சபைகள் ஏன் இவ்வளவு அழுத்துகின்றன? அப்போஸ்தலர் 2, 10, 19 அதிகாரங்களில் ஆவி இறங்கியபோது பாஷை பேசினார்கள். அதையே ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளமாக அவர்களில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் தொடங்கிய எழுப்புதல் இந்தப் போதனையை உலகெங்கும் பரப்பியது. லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகள் இதை நிபந்தனையாக வைப்பதில்லை.

அப்புறம் ஒன்று: சபையில் பேசினால் இரண்டு அல்லது மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, அதுவும் அர்த்தம் சொல்ல ஆள் இருந்தால் மட்டுமே என்கிறது 1 கொரிந்தியர் 14. உங்களை மட்டம் தட்டுகிறவர்களிடம் அந்த அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.