புத்தகத்தில் பூஞ்சை: வேப்பிலைச் சாறு தெளிக்கலாமா?

கேள்வி: சிறிய நூலகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். பழைய புத்தகங்களின் முதுகில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. ரசாயன மருந்து வேண்டாம் என்று பார்க்கிறேன். வேப்பிலைச் சாறு, கிராம்பு எண்ணெய் தெளிக்கலாமா?

பதில்: புத்தகத்தின் மேல் தெளிக்காதீர்கள். கிராம்பில் உள்ள யூஜினால், ஓமத்தில் உள்ள தைமால், எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ரால் எல்லாமே ஆய்வகத் தட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுப்பவைதான். ஆனால் காகிதம் ஆய்வகத் தட்டு இல்லையே. இலைச்சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். பூஞ்சை கேட்பதும் அதைத்தான். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஆகி, நாளடைவில் மஞ்சளிக்கும். ஆல்கஹாலில் எடுத்த சாறு என்றால் ரப்பர் ஸ்டாம்பு மை கரைந்து ஓடிவிடும்.

சரி, ஆவியாகக் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். மூடிய பெட்டியில் புத்தகங்களை வைத்து, தைமால் படிகங்களை மின்விளக்குச் சூட்டில் ஆவியாக்கும் முறை நூலகங்களில் ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்தது. காகிதம் பழுப்பேறியது, வெளியே எடுத்த புத்தகம் ஈரம் கண்டால் பூஞ்சை மறுபடி வந்தது. அதனால் கைவிட்டார்கள்.

முதலில், பூஞ்சை இப்போது வளர்கிறதா என்று பாருங்கள். மென்மையான தூரிகையால் லேசாகத் தொட்டால் ஈஷிக்கொண்டு வந்தால் உயிரோட்டமாக இருக்கிறது; மாவுபோல் உதிர்ந்தால் அடங்கிவிட்டது. ஈஷினால் துடைக்க வேண்டாம், உள்ளே இன்னும் அப்பிக்கொள்ளும். அந்தப் புத்தகங்களைத் தனியே எடுத்து, ஈரமில்லாத அறையில் விரித்து நிற்க வைத்து உலர்த்துங்கள். மின்விசிறியை நேராகத் திருப்பாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். உலர்ந்தபின் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் தூரிகையால் தட்டி எடுக்கலாம்.

அப்புறம் அறை. ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வரும். 55-க்குப் பக்கத்தில் வைத்திருக்கப் பாருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளிப் போடுங்கள்.

தாவர எண்ணெய்க்கு வேலையே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. காலி அலமாரியைத் துடைத்து உலர்த்தியபின், கிராம்பு எண்ணெய் சில துளி விட்ட பஞ்சை ஒரு கிண்ணத்தில் போட்டு, கதவை மூடிச் சில நாள் வைக்கலாம். மீந்த பூஞ்சையை மட்டுப்படுத்தும், வித்துகளை ஒழிக்காது. வாசனை போனால் பலனும் போச்சு. காற்றோட்டம் விட்டு நெடி அடங்கியபின் புத்தகங்களை அடுக்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

கையெழுத்துப் பிரதிகளிலும் தோல் அட்டைப் புத்தகங்களிலும் இதில் எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.