வடிகானில் விட்டது வாவியில்தான் சேரும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலசலகூடக் குழியைப் பற்றியவை. மாரி நெருங்கும்போதுதான் பலருக்கும் குழியின் நினைவு வருகிறது.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும்? எங்கள் வீட்டுக்குச் சரியா? (ஆரையம்பதி)

குறைந்தது 50 அடி. நம் மணல் நிலத்தில் இன்னும் கூடினால் நல்லது. வளவின் அளவையோ, மாரியில் கிணற்று நீர் எத்தனை அடியில் நிற்கும் என்பதையோ எழுதாமல் "சரியா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அளந்து எழுதுங்கள்.

குழிக்குள் ஈஸ்ட் போட்டால், கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டி தேவைப்படாதாமே? (காத்தான்குடி)

தேவைப்படும். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுப்பியுங்கள். அசிட், பிளீச்சிங் பவுடரை அள்ளி ஊற்றாமல் இருந்தாலே போதும், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மாரியில் குழி நிரம்பி வழிகிறது. மேலதிக நீரை மட்டும் குழாய் வைத்து வீதி வடிகானில் விடலாமா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். (கல்லடி)

கூடாது. எத்தனை பேர் செய்தாலும் கூடாது. செப்டிக் தொட்டியில் திண்மம் அடியில் படிந்துவிடுவதால் மேலே நிற்பது தெளிந்த நீர் போலத் தெரியும். அழுக்குச் சுமையில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ அந்த நீரிலேயே இருக்கிறது, நோய்க்கிருமிகள் வேறு. நகரச் சுத்திகரிப்பு நிலையம் என்றால் படியவைத்து, காற்றூதி நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னவிட்டு, மீண்டும் படியவைத்து, கிருமி நீக்கிய பிறகே நீரை வெளியே விடும். வீட்டுக் கழிவுநீரின் பிஓடி, அதாவது அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசனின் அளவு, லீற்றருக்கு 200, 300 மில்லிகிராம் வரும். நீர்நிலையில் விடுவதற்கு இலங்கை விதி அனுமதிப்பது 30. வடிகான் சுத்திகரிப்பு நிலையம் அல்ல.

சென்ற மாரியில் ஒரு விடியற்காலை, வடிகான் மட்டக்களப்பு வாவியில் விழும் இடமொன்றில் நின்றேன். சாம்பல் நிற நீரில் சவர்க்கார நுரை. கரையோரம் கறுத்த சேறு. மீன்குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நண்டுகள் தண்ணீரை விட்டுக் கண்டல் வேர்களில் ஏறியிருந்தன. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஒட்சிசனை இழுத்துக்கொண்டால் மீனுக்கு மிஞ்சுவது என்ன? லீற்றருக்கு 5 மில்லிகிராமாவது அதற்கு வேண்டும்; 2க்குக் கீழே போனால் சாவுதான். அந்த வாவியில் வலை வீசிப் பிழைப்பவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

குழியை மாரிக்கு முன்பே, ஆவணி புரட்டாதியில் எடுப்பியுங்கள். நிலத்தடி நீர் உயர்ந்த பிறகு முழுவதும் இறைத்தால் வெறுந்தொட்டி மிதந்து விரிசல் விடக்கூடும். கூரைத் தண்ணீர் குழியருகே விழாமல் திருப்புங்கள். தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியில் நீர் இறங்கவில்லையென்றால் மண் மேடு போட்டு உறிஞ்சும் பகுதியை உயர்த்துங்கள். செலவுதான், ஆனால் வழி அதுதான்.

வாவி உப்பு நீர்தானே, கிருமி செத்துவிடாதா? (மட்டக்களப்பு)

சில சாகும், பல சாகாது. பெருமழையில் வாவி நன்னீராகவே மாறிவிடும். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் மாதங்களில் அழுக்குக்கு வெளியேற வழியும் இல்லை.

விருந்தினர் விடுதியில் சிறிய சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறோம். மின்கட்டணத்துக்காக இரவில் காற்றூதியை நிறுத்துகிறோம், பரவாயில்லையா? (கல்முனை)

நிறுத்தாதீர்கள். சில மணி நேரம் காற்றில்லாவிட்டால் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்ச் சேறு அழுகி நாறும். காலையில் வெளியேறுவது சுத்திகரித்த நீராக இருக்காது. அதையும் வடிகானில்தான் விடுகிறீர்களா? எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள்.