பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய சஸ்பென்ஷன்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: 15 ஆண்டுகள் ஓடிய பிக்கப் வண்டி ஒன்றை அண்மையில் வாங்கினேன். சரக்கு ஏற்றினால் பின்புறம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. காலியாக ஓட்டும்போது தூக்கிப் போடுகிறது. கனமான ஷாக் அப்சார்பர்களையும் வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் கிட்டையும் பொருத்தினால் இரண்டும் சரியாகிவிடும், கூடுதல் சுமையும் ஏற்றலாம் என்கிறார் உதிரிபாக விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. எனவே, எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரை மாட்டினாலும் தாழ்ந்த பின்புறம் நிமிராது. வண்டியைச் சமதளத்தில் காலியாக நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்தால், அங்கே லீஃப் ஸ்பிரிங்கில் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஒரு பட்டை உடைந்திருக்கவோ தளர்ந்திருக்கவோ கூடும். அதோடு, ஸ்பிரிங்கை வண்டியின் சட்டத்துடன் (சேஸிஸ்) இணைக்கும் இடங்களைத் துரு தின்றிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சட்டமே இற்றுப்போயிருந்தால் புதிய ஸ்பிரிங்குக்குச் செலவழிப்பது வீண்.

காலி வண்டி தூக்கிப் போடுவது ஓரளவு இயல்புதான், ஏனெனில் பின் ஸ்பிரிங்குகள் முழுச் சுமையைக் கருதியே அமைக்கப்பட்டவை. ஆனாலும் முதலில் டயரின் காற்றழுத்தத்தைச் சோதியுங்கள். பல வண்டிகளில் கதவோரம் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில் காலியாக ஓட்டுவதற்கும் சுமையோடு ஓட்டுவதற்கும் தனித்தனி அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும், அதைச் சரிசெய்யக் காசும் வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து ஆண்டைத் தொட்ட டயரை மாற்றிவிடுவதே நல்லது. டயர் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தாலோ, ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் வழிந்தாலோ, ஷாக் அப்சார்பரை இணையாக, ஓர் அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள். வண்டி நிறுவனம் குறிப்பிட்ட தரமே போதும்.

கைப்பணத்தில் முதல் பங்கு பிரேக்குக்குப் போகட்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது, ஆகவே பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அடுத்து, சக்கரத்தைத் தாங்கித் திருப்ப உதவும் இணைப்புகளான பால் ஜாயின்ட், டை ராட், பிறகு இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள். பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும், ஆனால் அதிர்வையும் சத்தத்தையும் உள்ளே கடத்தும். சரக்கு வண்டிக்கு ரப்பரே எனக்கு உகந்ததாகப் படுகிறது. ரப்பர் புஷ் பொருத்துகையில் வண்டியின் எடை சக்கரத்தின்மீது இறங்கிய பிறகே போல்ட்டை இறுதியாக முறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் உயர்த்தும் கிட் எந்த வகையிலும் பயன்படாதா?

பதில்: கரடுமுரடான பாதையில் அடிப்பகுதி இடிபடுகிறவர்களுக்குப் பயன்படும். உங்கள் குறைக்கு அது மருந்து அல்ல. பல பழைய பிக்கப்களில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை வைத்துச் சுமையைக் கணித்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பின்புறத்தை உயர்த்திவிட்டு அந்த வால்வைச் சரிசெய்யாவிட்டால், வண்டி காலியாக இருப்பதாகவே அது கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிரேக் குழாயின் நீளம், ஹெட்லைட்டின் கோணம், சக்கர அலைன்மென்ட் ஆகியவற்றையும் மீண்டும் பார்க்க வேண்டிவரும்.

நாள்தோறும் சுமை ஏற்றுகிறவராக இருந்தால், ஸ்பிரிங்கைப் புதுப்பிப்பதோடு ஒரு கூடுதல் பட்டையோ துணை ஸ்பிரிங்கோ சேர்ப்பது பொருத்தம். எப்போதாவது ஏற்றுகிறவருக்குத் தேவைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப் பை) நல்லது. இவற்றில் எதுவும் அனுமதிக்கப்பட்ட சுமையை ஒரு கிலோகூட உயர்த்தாது, ஏனெனில் அந்த வரம்பு அச்சு, பிரேக், டயர், சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்மானிக்கப்பட்டது. விற்பனையாளரின் அந்த வாக்குறுதியை மட்டும் அடியோடு மறந்துவிடுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றினால் அதை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். புதியதைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.