கேம்ல எடுத்தா அது சினிமாவா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிற என் பையன் ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து ஹேலோ கேமுக்குள்ள ஒரு வீடியோ எடுத்திருக்கான். கேட்டா "இது மஷினிமா, இதுவும் படம் எடுக்கிறதுதாம்மா"ங்கிறான். கேம் ஆடுறத ரெக்கார்ட் பண்ணா படமாகிடுமா? - வாசகி, திருச்சி

பதில்: வெறுமனே ஆடுறத ரெக்கார்ட் பண்ணா ஆகாதுங்க, ஆனா அவன் சொல்றது அது இல்லன்னு நினைக்கிறேன். வழக்கமான அனிமேஷன் படத்துல ஒரே ஒரு ஃப்ரேம கம்ப்யூட்டர் வரைஞ்சு முடிக்கவே (ரெண்டர்னு சொல்வாங்க) மணிக்கணக்கா ஆகும், கேம ஓட்டுற சாஃப்ட்வேரான கேம் இன்ஜின் செகண்டுக்கு 30, 60 ஃப்ரேம அப்பவே வரைஞ்சு தள்ளிடும், அந்த வேகத்த வெச்சு கதை சொல்றதுதான் மஷினிமா.

1996ல குவேக்ங்கிற துப்பாக்கி சண்டை கேம் ஆடுற ஒரு குரூப் 'டைரி ஆஃப் எ கேம்பர்'னு ரெண்டு நிமிஷம் கூட வராத ஒண்ண வெளியிட்டாங்க, அது வீடியோவே கிடையாது, யார் எங்க நகர்ந்தாங்கங்கிற டேட்டா மட்டும் இருக்கிற டெமோ ஃபைல், பாக்கிறவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற குவேக்தான் அத திரும்ப வரைஞ்சு காட்டும். கேமரா ஆடுறவன் கண்ணுல இல்லாம தனியா ஒரு இடத்துல நின்னு பாத்துச்சு பாருங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம், ஏன்னா அங்கதான் ஒருத்தர் 'ஷாட்'னு யோசிக்க ஆரம்பிச்சிருக்காங்க.

2003ல வந்த 'ரெட் வெர்சஸ் ப்ளூ'ங்கிற மஷினிமா சீரிஸ் பாருங்க, உங்க பையனோட அதே ஹேலோதான். எல்லாரும் ஹெல்மெட் போட்டிருக்காங்க, வாய் அசையாது, அதனால பேசுற ஆள் தலைய மட்டும் ஆட்டுவாங்க. துப்பாக்கிய எப்பவும் நீட்டிட்டே நின்னா சும்மா பேசுற சீன் எடுக்க முடியாதே, பிஸ்டல் வெச்சுட்டு தரைய பாத்தா வெளியில இருந்து பாக்கிறவங்களுக்கு தலை நேரா இருக்கிற மாதிரி தெரியுற ஒரு பக், அதாவது கேம்ல ஒரு கோளாறு, இருந்துச்சு, அதையே நடிப்பா ஆக்கிட்டாங்க. ஜெயிக்கிறதுக்காக நகராம ஒரு ஃப்ரேமுக்காக நகர்றாங்க இல்லையா, நான் கோடு போடுறது அங்கதான்.

'தி மாண்டலோரியன்'ங்கிற ஸ்டார் வார்ஸ் சீரிஸோட முதல் சீசன்லயும் அன்ரியல்ங்கிற கேம் இன்ஜின் உண்டு, ஆனா அது பின்னாடி எல்இடி சுவர்ல ஓடுற பேக்ரவுண்டுக்கு, முன்னாடி நிக்கிறது நிஜ ஆளு, அதனால அத நான் மஷினிமான்னு சொல்லமாட்டேன்.

பையன்கிட்ட உக்காந்து அந்த வீடியோவ பாருங்க, இதுல கேமராவா நின்னது, அதாவது யாரோட ஸ்க்ரீன்ல தெரிஞ்சத ரெக்கார்ட் பண்ணீங்க, யாருடா அதுன்னு கேளுங்க. அதுக்குன்னே ஒருத்தன் கேம் ஆடாம நின்னிருந்தான்னா, அவன் சொன்னது சரிதாங்க.