ஐந்து பேர், ஒரே லைசென்ஸ்

கேள்வி: அக்கா, நாங்கள் ஐந்து பேர். எல்லாரும் திருச்சிப் பக்கம், ஒரே கல்லூரி. இப்போது சிங்கப்பூரில், யீஷூனில் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு வாடகைக் கார் எடுத்து, எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், கிழக்குக் கரையில் மெர்சிங் வரை போய்வரத் திட்டம். காலையில் கிளம்பி தேசாரு கடற்கரையில் குளியல், இரவு மெர்சிங்கில் தங்கல், மறுநாள் திரும்புவது. லைசென்ஸ் இருப்பது என் ஒருவனிடம்தான். எல்லாரும் ஆசையாகக் கேட்டதால் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயமாக இருக்கிறது. இப்போது பின்வாங்கினால் கூட்டத்தைக் கெடுத்தவன் ஆகிவிடுவேனோ? (வாசகர், யீஷூன்)

பதில்: தம்பி, உங்கள் பயம் நியாயமான பயம். அதை இன்றைக்கே நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள்.

2006-இல் நாங்கள் ஆறு பேர் ஒரு வேனில் தேசாரு போனோம். செனாய்–தேசாரு விரைவுச்சாலை அப்போது கிடையாது. அது முழுதாகத் திறந்தது 2011-இல்தான். கோத்தா திங்கி வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர், எங்கள் கூட்டத்தில் மூத்தவரான அண்ணன். போகும்போதும் அவர், வரும்போதும் அவர். நடுவில் இரவு முழுக்கக் கடற்கரையில் பாட்டும் பேச்சும். அவரும் எங்களோடு விழித்திருந்தார். படுத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு ஏறினோம். கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்த எல்லாரும் தூங்கிவிட்டோம். டயருக்கு அடியில் சரளைக்கல் கரகரவென்று அரைபடும் சத்தம்தான் என்னை எழுப்பியது. கண்ணைத் திறந்தால் ஜன்னலை ஒட்டிச் செம்பனை மரங்கள், ஓலை கண்ணாடியில் உரசுகிறது. காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள்கிறது. அண்ணன் எப்படியோ பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடியில்லை. வண்டி நின்ற பிறகும் அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. விரல்களெல்லாம் வெளுத்துப் போயிருந்தன. "கண்ணு சொக்கிடுச்சும்மா" என்றார், ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி. தப்பு எங்களுடையது. அடுத்த வருடமே நான் கார் லைசென்சுக்கான கிளாஸ் 3 வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாவது முறைதான் தேறினேன். இனி எந்தப் பயணத்திலும் ஒருவர் தலையிலேயே வண்டியைக் கட்டக் கூடாது என்ற பிடிவாதம்தான் காரணம்.

அதனால் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மெர்சிங்கை மட்டும் விட்டுவிடுங்கள். ஜோகூர் பாருவிலிருந்து அது 130 கிலோமீட்டருக்கு மேல். இன்னொரு விஷயம், அந்த மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் பெரும்பாலும் கடலே கண்ணில் படாது. இரண்டு பக்கமும் செம்பனைதான், நடுநடுவே யானை கடக்கும் இடம் என்று பலகை. கடலோரப் பயணம் என்று நினைத்துப் போகிறவர்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்வார்கள். ஓட்டுபவருக்குக் கண் சொக்குவதும் அந்த மாதிரிச் சாலையில்தான்.

தேசாருவோடு நிறுத்திக்கொண்டு அங்கேயே தங்குங்கள். ஞாயிறு விடிந்ததும் வடக்கே செடிலி பக்கம் மெதுவாகப் போய்ப் பாருங்கள். ஆற்று முகத்துவாரத்தில் மீனவக் கிராமம். படகுகள் வந்து சேரும் நேரமாக இருந்தால் வலை உதறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அவர்கள் இகான் கெம்போங் என்று கூடையில் கொட்டுவது நம்முடைய காணாங்கெளுத்திதான். நான் நாகப்பட்டினத்துக்காரி. அந்த வாடை மூக்கில் ஏறியதும், எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் அப்பாவின் சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஞாபகம் அப்படியே வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஐந்து நட்சத்திர விடுதியைவிட இதுதான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்புறம், மதியத்துக்கு முன்பே திரும்பக் கிளம்பிவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மாட்டிக்கொண்டால், களைத்துப்போன ஆள் முதல் கியருக்கும் பிரேக்குக்கும் நடுவில் மணிக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். 2025 ஜனவரியிலிருந்து ஜோகூருக்கும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. முன்பு வெள்ளி, சனி. கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் தென்சீனக் கடல் சீறிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினத்தில் அடிக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இங்கேயும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். முகத்துவாரத்தில் எந்த மாதமும் இறங்காதீர்கள். அங்கே நீரோட்டம் இழுக்கும்.

கிளம்பும் முன்பு நண்பர்களை உட்காரவைத்து ஒன்றைப் பேசிவிடுங்கள்: முன்சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது, மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும், சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நீங்கள் படுக்கப் போவீர்கள். உங்களோடு ஒரே சட்டியில் சோறு பொங்கித் தின்கிற பிள்ளைகள்தானே, புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள், எல்லாரும் இந்தியப் பாஸ்போர்ட், வேலை அனுமதியில் இருக்கிறோம். ஒருத்தி சொந்தக் கார் வைத்திருக்கிறாள். எல்லை தாண்ட என்னென்ன வேண்டும்? (வாசகி, செங்காங்)

பதில்: 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள் வரை தங்க விசா வேண்டாம். ஆனால் மலேசிய மின் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை என்பதால் அலுவலகத்தில் யாராவது வேண்டாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள், உங்களுக்கு அது தேவை. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும்.

காருக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். சாலைக் கட்டணம் ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட். அதைக் கட்டுகிற டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். சிங்கப்பூர் வண்டி முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அளவுமுள் கோட்டுக்குக் கீழே இருந்ததற்காக என் தோழியின் வண்டியைச் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு நேரம் வரிசையில் நின்றது வீண். அங்கே பெட்ரோல் போட நேர்ந்தால் மஞ்சள் குழாயைத் தொடாதீர்கள். அதில் வரும் ரோன்95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு விற்கத் தடை, ரோன்97 போடலாம். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடி இரண்டிலும், சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் மைஐசிஏ செயலியில் நால்வருக்கும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீடு எடுத்துவைத்தால் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வாங்கும் வேலை இல்லை. நான்கு பெண்கள் தனியாகப் போவது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: பயணச் செலவைப் பிரித்ததில் மனஸ்தாபம். ஓட்டிய நண்பர் தன் பங்கைக் குறைக்கச் சொல்கிறார். நியாயமா? (வாசகர், பொங்கோல்)

பதில்: நியாயம்தான். பெட்ரோல், சுங்கம், கார் வாடகை மூன்றையும் ஓட்டாதவர்கள் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் தங்கலும் எல்லாருக்கும் சமம். எங்கள் கூட்டத்தில் பல வருடமாக இதுதான் வழக்கம்.

கேள்வி: நான் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. காரும் இல்லை, லைசென்சும் இல்லை. எங்களுக்கெல்லாம் கடல் பார்க்கிற பயணம் உண்டா அக்கா? (வாசகர், ஜூரோங்)

பதில்: ஏன் இல்லாமல்? காலையிலேயே நாலைந்து பேராகக் கிளம்பி, தானா மேரா வரை ரயிலில் வந்து, இரண்டாம் எண் பஸ்ஸைப் பிடியுங்கள். கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். உணவங்காடியில் ஒரு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டு, பக்கத்துப் படகுத்துறையில் உபின் தீவுக்கு ஏறுங்கள். ஒரு ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அக்கரையில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். செக் ஜாவா என்ற ஈரநிலம் வரை மிதித்துப் போனால் கடல்மேல் மரப்பாலம் இருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் சேற்றில் நண்டு ஓடுவதைக் குனிந்து பார்க்கலாம். உபினின் வடக்குக் கரையில் நின்றால் எதிரே தெரிவது ஜோகூர்தான்.

தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்காதீர்கள். திரும்பும்போது இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். ஆள் குறைந்தால் மீதிப் பணத்தையும் நீங்களே கொடுக்க வேண்டிவரும்.