வைஷ்ணோ தேவி: தவழ்ந்துதான் போகணுமா?

முழங்கால் வலி உள்ள அம்மாவுக்குக் குறுகலான இடத்தில் மூச்சு முட்டும், ஜம்மு மலைமேல் உள்ள வைஷ்ணோ தேவி குகைக்குள் தவழ்ந்து போகணும் என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு குகைகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

தவழ வேண்டியது பாதி வழியில் உள்ள அர்த்தகுமாரி குகையில். தன்னைத் துரத்திவந்த பைரவநாதனுக்கு மறைந்து தேவி ஒன்பது மாதம் தவமிருந்த இடம் என்பார்கள். அங்கே போயே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, வரிசையும் மணிக்கணக்கில் நகராது, தாராளமாக விட்டுவிடுங்கள். மேலே பவனில், அதாவது தேவியின் மூலக்கோயிலில், 1977இல் வெட்டிய சுரங்கப்பாதை வழியாக நடந்தே போய்விடலாம். அங்குள்ள பழைய குகையைக் கூட்டம் குறைந்த நாட்களில், பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் திறப்பார்கள்.

சரி, ஏற்றம்? அடிவார ஊரான கட்ராவிலிருந்து பவனுக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் சாஞ்சிசட் வரைதான், அப்புறமும் இரண்டரை கிலோமீட்டர் இருக்கிறது. என்னைக் கேட்டால் அர்த்தகுமாரி வரை பல்லக்கு, அங்கிருந்து பேட்டரி கார். காருக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பைரவர் கோயிலுக்கு ரோப்கார் உண்டு.

இன்னொன்று, உள்ளே சிலை இருக்காது, மூன்று பிண்டிகள்தான், அதாவது தேவியாக வழிபடும் இயற்கைப் பாறை வடிவங்கள். நிற்கவிடாமல் நகர்த்திவிடுவார்கள், அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.